வளனாரின் பொறுமை
தேம்பாவணியை மீண்டும் படிக்கையில்

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் சூசையப்பர் வணக்க மாதம் தொடங்கிவிடுகிறது. கையில் லீலிமலர் ஏந்திய சுரூபம் பீடத்தருகே வைக்கப்படுகிறது. மாலைதோறும் செபமாலையும் மன்றாட்டுமாலையும் நடைபெறுகின்றன. அந்நாள்களின் மறையுரையில் நாம் வழக்கமாகச் சொல்பவை மூன்று. சூசையப்பர் தாழ்ச்சியுள்ளவர், பொறுமையுள்ளவர், நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாதவர். இம்மூன்றையும் சொல்லிவிட்டு, நாமும் அவ்வாறே வாழ்வோமாக என்று முடித்துவிடுகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே சொல்லிவந்த நமக்கு, அண்மையில் ஓர் ஐயம் எழுந்தது. தாழ்ச்சி என்றும் பொறுமை என்றும் நாம் சொல்லும்போது எதனைச் சொல்கிறோம்? யாரிடம் சொல்கிறோம்?

எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் நான்காம் அதிகாரம் இவ்வினாவுக்கு வாசலாக அமைகிறது. பெற்றுக்கொண்ட அழைப்புக்குத் தக்கபடி வாழுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் திருத்தூதர், அவ்வாழ்வு எப்படிப்பட்டது என்று விளக்கத் தொடங்கும்போது மனத்தாழ்மையையும் கனிவையும் பொறுமையையுமே முதலில் நிறுத்துகிறார். அருஞ்செயல்களையோ அறிவாற்றலையோ அவர் முதலில் கேட்கவில்லை. அதைக் கேட்பவரும் தம்மைச் சிறைக்கைதி என்று அறிமுகம் செய்துகொண்டே கேட்கிறார். அழைப்புக்கு மறுமொழி கூறும் முதல் மொழி தாழ்ச்சி என்பது அவருடைய கருத்து.

அந்த மொழியைச் சொல்லால் அன்றி வாழ்வால் பேசிய ஒருவரைத் தமிழில் காப்பியத் தலைவராக்கிய நூல் ஒன்று நம்மிடம் உண்டு. அது வீரமாமுனிவரின் தேம்பாவணி. குருமடத்தில் பயின்ற நாள்களில் அதனைத் தேர்வுக்காகப் புரட்டினோம். பின்னர் மேடைப்பேச்சுக்காக அங்குமிங்கும் எடுத்தாண்டோம். இப்போது மேற்சொன்ன ஐயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தோம். அப்படிப்பில் நாம் கண்ட நிறைவையும் குறையையும் வாசகர்முன் வைக்கவே இக்கட்டுரை.

பேசாதவரைப் பாடுதல்

1680இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1711இல் மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. தமிழ் மண் அவரை வீரமாமுனிவர் ஆக்கியது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் நிழலில் பணியாற்றிய அவர், 1726இல் தேம்பாவணியை நிறைவு செய்தார். மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 பாடல்கள் என்பது அதன் அளவு. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் அதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், அதன் யாப்பையும் அணியையும் அகப்படுத்திக்கொண்டு ஒருவர் இதனைச் செய்தார் என்பதே வியப்பு. அவ்வியப்பைப் பலரும் பலவாறு பாராட்டிவிட்டனர். நாம் அதனை மீண்டும் கூறவேண்டியதில்லை.

நம்மை நிறுத்தியது வேறொன்று. காப்பியத் தலைவராக முனிவர் தேர்ந்துகொண்டவர் யார்? தம்மிலும் மேலான தலைவர் எவரும் இல்லாத ஒருவரைப் பாடுவதே பெருங்காப்பியம் என்பது தண்டியலங்காரம் கற்றோர் அறிந்த இலக்கணம். அவ்விலக்கணத்தை நன்கறிந்தவர் முனிவர். தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கண நூலை எழுதியவரும் அவரே. அத்தகையவர் இயேசுவைத் தலைவராகக் கொள்ளவில்லை. அரசர் தாவீதையோ திருத்தூதர் பவுலையோ கொள்ளவில்லை. நாசரேத்தூர்த் தச்சர் ஒருவரைக் கொண்டார். அத்தச்சரோ தம் வீட்டிலேயே மூன்றாம் இடத்தில் இருந்தவர். அவர் வளர்த்த மகன் அவருக்கு மேலானவர். அவர் கைப்பிடித்த மனைவியும் அருளில் அவருக்கு மேலானவர். தன்னிகரில்லாத் தலைவர் என்னும் இலக்கணத்தை, தம்மைவிட மேலான இருவருக்குப் பணிசெய்தவர்மேல் ஏற்றிக் காட்டுகிறார் முனிவர். இது தமிழ்க் காப்பிய மரபுக்குள் நிகழ்ந்த அமைதியான ஒரு புரட்சி என்று கூறினால் மிகையாகாது.

இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. நற்செய்தி நூல்களில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை. மத்தேயு அவருக்கு நான்கு கனவுகளைத் தருகிறார். கனவில் கட்டளை வருகிறது, விழித்தெழுந்தவர் அதனைச் செய்கிறார், அவ்வளவே. பேசாத ஒருவரை 3615 பாடல்களில் எப்படிப் பாடுவது? முனிவர் அவருக்கு வளன் என்று பெயரிட்டார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருக்குதல், கூட்டுதல் என்னும் பொருளிருப்பதால், வளர்ச்சியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லொன்றை வடித்தெடுத்தார். பெயரைத் தமிழாக்கியது போலவே மண்ணையும் தமிழாக்கினார். நாட்டுப் படலத்தில் வரும் யூதேயாவில் நம் ஊர் மழை பொழிகிறது; நம் ஊர் வயல் விளைகிறது. ஆகிரேத மரியாள் என்னும் எசுப்பானியத் துறவி எழுதிய மறையியல் நூலிலிருந்து நிகழ்ச்சிகள் பலவற்றை எடுத்துக்கொண்டார். அவ்வாறாக, பேசாதவருக்குச் சொல்லும் செயலும் சூழலும் கிடைத்தன.

சொல் கிடைத்ததால் தாழ்ச்சி கெட்டதா? இதுவே நம் திறனாய்வின் வினா.

ஐயம் தோன்றிய இரவு

காப்பியத்தின் முதற்பகுதியில் அடுத்தடுத்து வரும் இரண்டு படலங்களை வாசகர் ஊன்றிப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறோம். ஒன்று ஐயந்தோற்று படலம். மற்றொன்று ஐயநீங்கு படலம். மண ஒப்பந்தமான மரியா கருவுற்றிருப்பதைக் கண்டு சூசை கலங்கியதும், வானதூதர் வந்து கலக்கம் தீர்த்ததும் இவற்றின் பொருள். மத்தேயு ஓரிரு வரிகளில் கடந்துவிடும் இடத்தில் முனிவர் தயங்கி நிற்கிறார், நம்மையும் நிறுத்திவைக்கிறார். கண் கண்டதை மறுக்க முடியவில்லை; மனம் அறிந்தவளை ஐயுறவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல மனிதர் அலைக்கழிக்கப்படுவதைப் பாட்டாக்கியிருக்கிறார். காப்பியத் தலைவர்கள் களத்திலே பகைவரை வெல்வதைப் படித்துப் பழகிய நமக்கு, தம் நெஞ்சுக்குள்ளேயே போராடும் தலைவர் புதியவர்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்று. அந்நாளில் சூசையின் கையில் சட்டம் இருந்தது. இணைச்சட்டம் இருபத்திரண்டாம் அதிகாரம், மண ஒப்பந்தமான பெண் பிறழ்ந்தாள் எனின் கல்லெறிந்து கொல்லலாம் என்று கூறுகிறது. சட்டம் அவர் பக்கம். ஊர் அவர் பக்கம். காயப்பட்ட நெஞ்சும் அவருடையதே. வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எளிய பெண்ணொருத்தியின் வாழ்வு அன்றே முடிந்திருக்கும். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. நற்செய்தியாளர் அவரை நேர்மையாளர் என்று அழைக்கும் இடம் இதுவே. சட்டம் தந்த உரிமையைச் செலுத்தாமல் விட்டதையே நேர்மை என்று பெயரிட்டார் மத்தேயு.

ஆகவே சூசையின் மௌனம் பேச வழியற்றவரின் மௌனம் அன்று. பேசினால் கொல்லக்கூடியவரின் மௌனம். அவருடைய தாழ்ச்சி, தாழ்ந்து கிடப்பவரின் நிலை அன்று. ஓங்கக்கூடிய கையைத் தாழ்த்திக்கொண்டவரின் செயல். முனிவர் இப்போராட்டத்தை விரித்துப் பாடியதால்தான் இவ்வுண்மை நமக்கு உறைக்கிறது. பேசாதவருக்குச் சொல் தந்தது இங்கே தாழ்ச்சியைக் கெடுக்கவில்லை. அதன் விலையைக் காட்டியது. விலை தெரியாதபோது தாழ்ச்சியை இயல்பான குணம் என்றோ, சாதுவான பிறவி என்றோ நினைத்துவிடுவோம்.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் முனிவர். அடக்கமுடைமையும் பொறையுடைமையும் அவர் எழுத்தெண்ணிக் கற்ற அதிகாரங்கள். வள்ளுவரும் பொறையை ஆற்றலாகவே காண்கிறாரன்றி இயலாமையாகக் காணவில்லை. அடக்கம் என்ற சொல்லே உள்ளே ஒன்று இருப்பதை உணர்த்துகிறது. அடக்குவதற்கு ஒன்று இருந்தால்தானே அடக்கம்? நம் பழைய செபநூல்களில் வழங்கும் தாழ்ச்சி என்ற சொல்லோடு வள்ளுவரின் அடக்கத்தையும் சேர்த்துப் படித்தால் வளனார் யார் என்பது விளங்கும்.

ஒரு சொல்லில் ஒளிந்த இரண்டு

இவ்விடத்தில் திருநூல் மொழிகளின் உதவியை நாடுவோம். தமிழில் நாம் பொறுமை என்று ஒரே சொல்லால் குறிப்பதற்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இரு சொற்கள் உள்ளன. ஒன்று மக்ரொதூமியா. சினம் எழுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும் தன்மை அது. மற்றொன்று ஹுப்பொமொனே. பாரத்தின் அடியில் நிலைகுலையாமல் நிற்கும் மனவுறுதி அது. எபேசியர் திருமுகத்தில் நாம் மேலே கண்ட இடத்தில் வருவது முதலாவது சொல்.

அச்சொல்லின் வேர் பழைய ஏற்பாட்டில் உள்ளது. எபிரேயத்தில் மூக்குக்கும் சினத்துக்கும் ஒரே சொல். மூக்குக்குமேல் கோபம் வருகிறது என்று நாமும் சொல்வதில்லையா? விடுதலைப்பயண நூலின் முப்பத்துநான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் பெயரை மோசேக்கு அறிவிக்கும்போது, மூக்கு நீண்டவர், அதாவது எளிதில் சினம் கொள்ளாதவர், என்று தம்மைக் குறிப்பிடுகிறார். பொறுமை முதலில் எல்லாம் வல்லவரின் பண்பு. அழிக்க வல்லவர் அழிக்காதிருப்பதே அது.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்து உவமையையும் எண்ணிப் பார்ப்போம். பெருங்கடன் பட்டவன் அரசர்முன் வீழ்ந்து பொறுத்தருளக் கேட்கிறான். அவனிடம் சிறுகடன் பட்டவனும் அவ்வாறே அவன்முன் வீழ்ந்து கேட்கிறான். இரு இடத்திலும் வருவது மேற்சொன்ன சொல்லின் வினைவடிவமே. யார் யாரிடம் பொறுமையைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடன்பட்டவர் கடன் கொடுத்தவரிடம் கேட்கிறார். கீழிருப்பவர் மேலிருப்பவரிடம் கேட்கிறார். நம் மறையுரைகளில் அது தலைகீழாகிவிடுகிறது. பொறுமையாக இருங்கள் என்று மருமகளிடம் சொல்கிறோம், மாமியாரிடம் சொல்வதில்லை. கூலிக்காரரிடம் சொல்கிறோம், கூலி கொடுப்பவரிடம் சொல்வதில்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் துன்புறும் எளியோரையும் பொறுமையாயிருக்கச் சொல்கிறது. பருவமழைக்குக் காத்திருக்கும் உழவரை அவர்களுக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆனால் அதற்கு முன்னுள்ள வரிகளில் என்ன இருக்கிறது? அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட செல்வரைத் திருத்தூதர் பெயர்சொல்லாமல் சாடுகிறார். பிடித்துவைத்த அக்கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். அநீதியை அநீதி என்று உரக்கச் சொன்ன பிறகே அவர் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். மனவுறுதிக்கு அவர் காட்டும் சான்றும் யோபு. அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடிய யோபு! வாயைப் பொத்திக்கொண்டிருப்பதே பொறுமை என்றால், யோபு எவ்வாறு அதற்குச் சான்றாவார்?

இவ்வகையிலும் தேம்பாவணி நமக்குத் துணைநிற்கிறது. திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் கருணையன் என்று பெயரிடுகிறார். காட்டில் தாய் எலிசபெத்தை இழந்து தனித்து நிற்கும் அச்சிறுவன் அழும் அழுகை, பள்ளிப் பாடநூல் வழியாகவும் தமிழ் மாணவர் அறிந்தது. அவனோடு பூவும் பறவையும் சேர்ந்து அழுவதாக முனிவர் பாடுகிறார். இறைவனின் முன்னோடியாக அழைக்கப்பட்ட பிள்ளை, இறைவிருப்பம் என்று கல்லாய் நிற்கவில்லை, கதறி அழுகிறான். அழைக்கப்பட்டோரின் பொறுமைக்குள் அழுகைக்கும் இடமுண்டு என்பதைக் கவிஞர் அறிந்திருந்தார்.

இரவில் எழுந்தவர்

காப்பியத்தின் நெடும்பகுதி எகிப்து நோக்கிய பயணத்திலும் அங்கு வாழ்ந்த வாழ்விலும் செல்கிறது. வழியிலே பழைய ஏற்பாட்டு வரலாறுகள் கிளைக்கதைகளாகச் சொல்லப்படுகின்றன. அதனால் கதை தேங்குகிறது என்று குறைகூறுவோர் உண்டு. மறைக்கல்விக்கு நூல்கள் அரிதாயிருந்த காலத்தில், ஒரே நூலுக்குள் மீட்பு வரலாறு முழுவதையும் அடக்க முனிவர் விரும்பினார் என்று கருதினால் அக்குறை பெரிதாகத் தோன்றாது. நம்மைத் தொட்டது வேறு. அதைச் சொல்வதற்கு நம் பணிவாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆண்டுகள் பலவற்றுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் ஊரில், ஒரு மாலைப்பொழுதில் பெண்ணொருத்தி இடுப்பில் பிள்ளையுடன் பங்கு இல்லத்துக்கு வந்தாள். குடித்துவிட்டு வந்து கணவன் அடிக்கிறான் என்றாள். முகத்திலும் கையிலும் அதற்குச் சான்று இருந்தது. அப்போது நாம் இளைஞர். படித்த இறையியல் நாவின் நுனியில் இருந்தது. சிலுவையைப் பற்றிச் சொன்னோம். தாழ்ச்சியையும் பொறுமையையும் பற்றிச் சொன்னோம். திருக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளும்படி சொன்னோம். அவள் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க சாமி" என்றாள். போய்விட்டாள். நல்லவிதமாக ஆலோசனை சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு நாம் இராச்செபத்துக்கு எழுந்தோம். சில மாதங்களில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். யாரிடமும் சொல்லாமல் இரவிலே போயிருந்தாள். நம் அறிவுரையை மீறிவிட்டாளே என்று அப்போது நமக்கு வருத்தமாகவும் இருந்தது. உள்ளூரச் சற்றுச் சினமாகவும் இருந்தது.

எகிப்துப் பயணத்தை இம்முறை படிக்கையில் அவள் நினைவு வந்தது. திருக்குடும்பத்தை நினைத்துக்கொள் என்று சொன்னோமே, அத்திருக்குடும்பம் என்ன செய்தது? ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடினான். வளனார் பொறுமையுள்ளவர், ஆகவே வீட்டிலேயே அமர்ந்து வருவது வரட்டும் என்று இருந்தாரா? இல்லை. கனவு கண்ட அவ்விரவிலேயே எழுந்தார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு நாட்டைவிட்டே வெளியேறினார். தம் உரிமை பறிபோன இடத்தில் கையைத் தாழ்த்தியவர், பிறர் உயிர் பறிபோகும் இடத்தில் விரைந்து எழுந்தார். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே தாழ்ச்சி. தம்மைக் குறித்துப் பொறுத்தவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் குறித்துப் பொறுத்திருக்கவில்லை. அதன்பின் எகிப்தில் அந்நியராக, மறுகட்டளை வரும்வரை, நாள் எண்ணாமல் காத்திருந்தாரே, அங்கேதான் அவருடைய பொறுமை வேர்பிடித்து நின்றது.

அந்தப் பெண் நற்செய்தியை நம்மைவிட நன்றாகப் படித்திருந்தாள் என்று இன்று எண்ணுகிறோம். 2020ஆம் ஆண்டு திசம்பரில் தந்தையின் இதயம் என்னும் திருத்தூது மடலை எழுதிய திருத்தந்தை பிரான்சிசு, சூசையின் பண்புகளை எண்ணும்போது துணிவையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். அப்போது அதனை நாம் வாசித்தோம், அறிவித்தோம். உணர்ந்தது பின்னர்தான்.

காப்பியம் தடுமாறும் இடம்

நிறைவைச் சொன்ன நாம் குறையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வளனாரை ஐயத்தின் இரவிலும் நாடுகடந்த வாழ்விலும் காட்டும்போது சிகரத்தைத் தொடும் கவிஞர், அவரை ஆசானாக்கி நெடிய அறவுரைகளைப் பேசவைக்கும்போது சரிந்துவிடுகிறார் என்பது நம் கருத்து. எகிப்தில் அவர் பேசும் அறம் யாவும் உண்மையே. ஆனால் அவ்விடங்களில் நாம் கேட்பது மறைப்பணியாளரான முனிவரின் குரலை. கேள்வி கேட்போரும் விடை பெறுவோரும் நம் நாட்டு மறைப்பணித்தளத்தில் நடமாடியவர்களைப் போலவே தோன்றுகிறார்கள். பேசாமல் நடந்தவர், இங்கே நடக்காமல் பேசுகிறார்.

இன்னொன்று. தாவீதின் குலத்தில் வந்தவர் என்பதைக் காப்பியம் பெருமையோடு போற்றுகிறது. மத்தேயுவும் மூதாதையர் பட்டியலோடுதான் தொடங்குகிறார், அதில் தவறில்லை. ஆயினும் உயர்குடிப் பிறப்பு என்னும் காப்பிய இலக்கணம் நிறைவுற்றதே என்ற மனநிறைவு அதில் தொனிக்கிறது. நம் மண்ணில் பிறப்பைச் சொல்லி உயர்வு தாழ்வு பேசும் நோய் திருச்சபைக்குள்ளும் புகுந்து நிற்பதைக் காணும் நாம், அப்பாடல்களை எச்சரிக்கையோடு படிக்கவேண்டியிருக்கிறது. விண்ணுலகக் காட்சிகளுக்குக் கிடைத்த விரிவு தச்சுப்பட்டறைக்குக் கிடைக்கவில்லை என்பதும் நமக்கு ஏக்கமே. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையின் விழாவாக்கினார். உளியும் வாய்ச்சியும் இழைப்புளியும் பிடித்துக் காய்த்த அக்கைகளை இன்றைய கவிஞர் ஒருவர் பாடுவாராயின், முனிவர் தொடங்கியதை முடித்தவர் ஆவார்.

முடிசூட்டு படலத்தோடு காப்பியம் நிறைவுறுகிறது. தாழ்ச்சியைப் பாடிய நூல் முடியில் முடிவது முரண் அன்றோ என்று கேட்கலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். பின்னர் எண்ணிப் பார்த்தால், அம்முடியை வளனார் எடுத்துச் சூடிக்கொள்ளவில்லை, அவருக்குச் சூட்டப்படுகிறது. தம்மைத் தாழ்த்துவோர் உயர்த்தப்படுவர் என்னும் ஆண்டவரின் போதனையில் உயர்த்துகின்றவர் கடவுளே. முடியை எதிர்பார்த்துத் தாழ்பவர் தாழ்ந்தவர் அல்லர். அவர் காத்திருக்கும் அரசர். வளனார் இறக்கும்போது மகனின் அருஞ்செயல் ஒன்றையும் கண்டவர் அல்லர். மலைப்பொழிவைக் கேட்டவர் அல்லர். உயிர்ப்பைக் கண்டவரும் அல்லர். தாம் வளர்த்தது என்னவாயிற்று என்று காணாமலே கண்மூடினார். அழைக்கப்பட்டோரின் தாழ்ச்சி அங்கேதான் முழுமை பெறுகிறது. நட்டவர் ஒருவர்; உண்பவர் வேறொருவர்.

நம்மை நோக்கி

முனிவரையும் ஒரு நொடி நினைத்துப் பார்ப்போம். மறைப்பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே சிறைப்பட்டு உயிருக்கு இடர்நேர்ந்தவர் அவர். வேதியர்கள் தம் அழைப்புக்கேற்ப எப்படி வாழவேண்டும் என்று வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதியவர் அவர். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு வாதிட்டபோது அவருடைய எழுதுகோல் கூர்மையாகவே இருந்தது. பொறுமையைப் பாடியவர் எப்போதும் பொறுத்தவர் என்று சொல்வதற்கில்லை. அதனை அறிவது நமக்கு ஆறுதலாகவே இருக்கிறது. தாம் முற்றும் எட்டாத ஒன்றையே அவர் 3615 பாடல்களில் எட்ட முயன்றார் போலும். பீடத்தில் நின்று பேசும் நம் நிலையும் அதுவே.

ஆகவே அன்பு வாசகரே, இம்மாதத்தில் சூசையப்பரின் சுரூபத்துக்கு முன் நிற்கும்போது இரு கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். நம் கையில் உள்ள எந்த உரிமையை, எந்தச் சொல்லை, எந்தக் கல்லை நாம் கீழே போடவேண்டியிருக்கிறது? நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட யாருக்காக, காலம் தாழ்த்தாமல், இன்றிரவே எழவேண்டியிருக்கிறது? முதற் கேள்வியைப் பங்குக்குருவும் ஆசிரியரும் முதலாளியும் கணவரும் மாமியாரும் கேட்டுக்கொண்டால், பொறுமை என்ற சொல் எளியோரின் செவிகளில் சுமையாக விழாது. இரண்டாவதை எல்லாரும் கேட்டுக்கொண்டால், திருக்குடும்பத்தை நினைத்துக்கொள் என்று சொல்லும் தகுதி நமக்கு வாய்க்கும்.

இனி யாரேனும் ஒரு மாலைப்பொழுதில் இடுப்பில் பிள்ளையுடன் நம் வாசலில் வந்து நின்றால், நாம் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமரச் சொல்வோம். பிள்ளைக்குப் பால் காய்ச்சச் சொல்வோம். பிறகு, போவதற்குப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று கேட்போம். மறையுரை அதற்குப் பிறகு இருக்கட்டும்.